முகத்துவாரக்குப்பம்: பெயரில் நிற்கும் நீர்

சென்னை மாநகரின் வடகோடியில், கொசத்தலையாறு வங்கக் கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த மீனவர் சிற்றூர் முகத்துவாரக்குப்பம். ஆறு கடலிற் புகும் இடத்தைப் பண்டைத் தமிழர் புகார் என்றனர். கயவாய், கழிமுகம் என்னும் சொற்களும் உள. பிற்காலத்தில் முகத்துவாரம் என்பதே மக்கள் வழக்கில் நிலைத்தது. குப்பம் என்பது கடற்கரைச் சிற்றூருக்கு வழங்கிய நல்ல பெயர். நகரவாசிகள் பின்னாளில் அதனை இழிசொல்லாக்கிக்கொண்டனர்; அக்குற்றம் சொல்லினுடையதன்று.

அண்டையிலுள்ள ஊர்ப்பெயர்களையும் நோக்க வேண்டும். தாழங்குப்பம் என்கிறோம், தாழையைத் தேடித்தான் காண வேண்டும். காட்டுக்குப்பம் என்கிறோம், காடு பெயரளவில் நிற்கிறது. மறைந்த நிலத்தைப் பெயர்கள் காத்து வைத்திருப்பதைப் போலவே, முதியோர் நினைவும் காத்து வைத்திருக்கிறது. "அந்தக் காலத்திலே" என்று தொடங்கும் பேச்சை வெறும் ஏக்கம் எனத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் கழியோரத்து முதியோர் பேச்சில் ஏக்கத்தைக் காட்டிலும் அளவுகளே மிகுதி. இவ்விடத்தில் எத்தனை ஆள் ஆழம், ஓதம் எந்தக் கரைவரை ஏறும், எந்த மாதத்தில் முகத்துவாரம் அகலும் என்பனவே அவர்கள் சொல்லும் செய்திகள். ஆலைகளின் உற்பத்தித் திறன் அரசு ஏடுகளில் ஏறியது. ஆற்றின் ஆழம் பெரும்பாலும் இவர்கள் நினைவிலேயே ஏறியது.

நினைவுகளில் முதலில் வருவது கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை முதற்பகுதி வெட்டப்பட்டபோது, அதற்குக் காரணரான பேசில் கோக்ரேன் பெயரால் அது கோக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர்ப் பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837இல் அரசின் கைக்கு வந்தது. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழகம் இன்றும் நடுக்கத்தோடு சொல்லும் 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு அப்போதுதான் வந்தது. மண் சுமந்து வெட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. வடக்கே பெத்தகஞ்சாம் தொடங்கித் தெற்கே மரக்காணம்வரை சுமார் 420 கி.மீ. நீண்ட நீர்வழி அது.

காற்று வாய்த்தால் பாய், வாய்க்காவிடில் கோல், அதுவும் இயலாதபோது கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்கும் ஆள்கள் என அவ்வழியே படகுகள் சென்றன. வடக்கிலிருந்து சவுக்கு விறகும், எண்ணூர்க் கழியிலிருந்து உப்பும், சுண்ணாம்புக்கான கிளிஞ்சலும் சென்னைக்குப் போயின. நகரத்தின் பழைய மாளிகைச் சுவர்கள் பளிங்குபோல் மின்னியதற்குக் காரணம் கிளிஞ்சற் சுண்ணாம்பே. இன்று பேசின் பாலம் என்றால் ரயில் சந்திப்புதான் நினைவுக்கு வருகிறது. அப்பெயர் கால்வாய்ப் படகுகள் தங்கிய நீர்த்துறையால் வந்தது. 1965, 1966, 1976ஆம் ஆண்டுகளின் புயல்களில் கால்வாய் சிதைந்தது. லாரியும் ரயிலும் பெருகியிருந்த காலத்தில் அதனை மீட்க எவரும் முனையவில்லை. நகரத்தின் தென்பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் மார்பிலேயே ஊன்றப்பட்டன.

அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து உப்பளங்களும் அந்த வாழ்வின் ஒரு கூறு. வெயில் முதிரும் மாதங்களில் பாத்தியில் நீர் கட்டி, உப்பு வாரி, வெண்குவியலாகக் குவித்து வைப்பர். சங்க நூல்களில் உமணர் வண்டி கட்டிச் சென்றனர். இங்கே உப்பு படகேறிச் சென்றது என்பதே வேறுபாடு. அவ்வளங்களிற் பெரும்பகுதி இப்போது மின் நிலையங்களுக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் இடமாகிவிட்டது.

எனினும் முகத்துவாரக்குப்பத்தின் உயிர் கழியில்தான் இருந்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் உயர்ந்து கடல்நீர் வெகுதொலைவு உள்ளேறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறு பெருகி, முகத்துவாரத்து மணற்றிட்டை அறுத்துக்கொண்டு கடலிற் பாயும். உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் அந்த எல்லையில், கண்டல் மரங்களின் வேர்ச்செறிவில், கடலிற் பிறந்த இறாலும் மீனும் வந்து வளரும். கழியில் வலையிடுவதற்குக் குப்பங்களிடையே முறை உண்டு. இன்ன நாள் இன்னார்க்கு என வகுத்துக்கொள்ளும் அம்முறைக்குப் பாடு என்று பெயர். வலுத்தவன் எல்லா நாளும் வலை போட இயலாது. இளைத்தவனுக்கும் ஒரு நாள் உண்டு. எழுதாச் சட்டமாகவே தலைமுறைகளாக நடந்துவந்த ஏற்பாடு அது. இருளர் குடும்பத்தினரோ வலையே இன்றி, இடுப்பளவு நீரில் அமர்ந்து, அடிச்சேற்றைக் கையால் துழாவியே பிழைத்தனர். சேற்றின் தன்மையை விரல் நுனியால் அறிந்தவர்கள் அவர்கள்.

ஆலைகள் வந்த கதை பலரும் அறிந்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கலாயிற்று. 1970இல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகும், 1990களில் வட சென்னை அனல் மின் நிலையமும், 2001இல் இன்று காமராஜர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் வந்தன. இவற்றைத் தீமை என்று மட்டும் சொல்வது நன்றியற்ற பேச்சாகும். உள்மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த ஆலைகளே சோறிட்டன. பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆலைச் சங்கின் ஒலியை வைத்து நாளின் பொழுதைக் கணித்த தலைமுறை ஒன்று இன்னும் வாழ்கிறது. கேள்வி வேறு: விலையை யார் கொடுத்தது?

கடலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. இக்கரையோரம் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்லும். 1870களில் தொடங்கிக் கட்டப்பட்ட சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் அந்த நகர்வைத் தடுத்தன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரையிழந்தன. மாலையில் மெரினாவின் மணலில் உலாவுவோர், வடசென்னைக்குச் சேர வேண்டிய மணலின்மீது நடக்கிறோம் என்று எண்ணுவதில்லை. கருங்கற்கள் கொட்டிக் காத்த சாலையோரம், கட்டுமரம் ஏற்றி நிறுத்தவும் மணல் இல்லாமற் போயிற்று. முகத்துவாரத்திலோ மணல் வேண்டாத இடத்தில் வந்து அடைகிறது; தூர்வாரினாலன்றி நீர் தடையின்றி ஓடுவதில்லை.

எல்லாவற்றினும் பெரிய மாற்றம் நீருக்கடியில் நிகழ்ந்தது. நிலக்கரிச் சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய் வழியே செப்பாக்கம் சாம்பற் குட்டைக்கு அனுப்புவது வட சென்னை மின் நிலையத்தின் முறை. அக்குழாய்கள் ஆற்றுப் பகுதியைக் கடந்து செல்கின்றன. கசிந்த இடங்களில் எல்லாம் சாம்பல் ஆற்றில் இறங்கிப் படிந்தது. பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்ற வழக்குகளில் மீனவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே: ஆழம் போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து கசிந்த எண்ணெய் கழியை அடைந்து, படகையும் வலையையும் கண்டல் வேரையும் கருக்கியது. அது வந்த வழி பக்கிங்காம் கால்வாய். ஒரு காலத்தில் விறகும் உப்பும் போன அதே வழி.

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. அதன் பெயர் இனி ஏடுகளில் இருக்கும். கழியில் படகு தள்ளும் இளைஞர் கோலை ஊன்றினால், பல இடங்களில் அது இடுப்பளவு நீரைக் கடப்பதற்குள் தரையைத் தொட்டு நின்றுவிடுகிறது. வெளியே இழுத்தால் நுனியில் சாம்பல் ஒட்டியிருக்கிறது. கரையில் அமர்ந்திருக்கும் முதியோர் அதே இடத்தைக் காட்டி, தம் இளமையில் அங்கே கோல் எட்டியதில்லை என்கின்றனர்.