மாடக்குழி

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. சுவர் எழும்பிப் பூச்சுக்குக் காத்திருக்கும் சமயத்தில் ஒருவர் உளியும் சுத்தியலுமாக வந்து, நேற்றுக் கட்டிய சுவரை இன்று உடைக்கத் தொடங்குகிறார். சுவிட்சுப் பெட்டி வைக்க வேண்டுமாம்! கட்ட ஒரு கூலி, உடைக்க ஒரு கூலி, அடைக்க இன்னொரு கூலி.

நம் பாட்டன்மார் இதைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் விளக்குக்குச் சுவரில் இடம் இருந்தது. அதற்கு மாடக்குழி என்று பெயர். கொத்தனார் செங்கல் அடுக்கும்போதே அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே போவார். பிறகு வெட்டுகிற பேச்சே இல்லை.

ஆசிரமத்திலும் இதைக் காணலாம். 1922-ல் அன்னை அழகம்மாளின் சமாதிமேல் இருந்தது ஓர் ஓலைக் கொட்டகை. அங்கே 1939-ல் தொடங்கிய மாத்ருபூதேசுவரர் கற்கோயிலுக்கு 1949-ல் கும்பாபிஷேகம் ஆயிற்று. அதை அமைத்தவர் வைத்தியநாத ஸ்தபதி. கருங்கல் வேலையில் மாடம் எங்கே, துளை எங்கே என்பதையெல்லாம் கல் மேலே ஏறுமுன்பே தீர்மானித்தாக வேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படி விட்டுப்போயிற்று? பைகாரா 1932-லும் மேட்டூர் 1937-லும் மின்சாரம் தரத் தொடங்கின. கம்பி வந்து சேர்ந்த வீடுகளோ முன்பே கட்டப்பட்டவை. ஆகவே மரச்சட்டம் அடித்து, சுவருக்கு வெளியே ஒயரை ஓட்டினார்கள். சட்டத்தைப் பிடிக்கச் சில அடிக்கு ஒரு குழி தோண்டி, மரக்கட்டை செருகிக் காரை பூச வேண்டும். கை சலித்துப்போகும் வேலை.

இந்தச் சங்கடத்துக்கு லண்டனில் ஏற்கெனவே ஒரு வழி பிறந்திருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களுக்குச் சேதமில்லாமல் மின்சாதனங்களைப் பொருத்த வேண்டியிருந்தது. ஜான் ராலிங்ஸ் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், 1911-ஐ ஒட்டி, சணல் நாரை இறுக்கி ஒரு சிறு முளை செய்தார். சுண்டுவிரல்கூட நுழையாத துளை போதும். திருகாணி உள்ளே போகப்போக முளை விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். 1958-ல் ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் அதை நைலானில் செய்தார். நம் ஊர்த் தொழிலாளிகள் ‘ராவல் பிளக்’ என்று கேட்டு வாங்குவது இந்த வம்சத்துப் பிள்ளையைத்தான்.

பிறகு, சட்டம் கண்ணுக்கு அழகில்லை என்று ஒயரைச் சுவருக்குள் மறைக்கும் வழக்கம் பரவியது. உளி திரும்பி வந்தது. அதன் பின்னே காடி வெட்டும் இயந்திரமும் வந்தது. ஒரு நாள் வேலை இரண்டொரு மணியில் முடிகிறது. ஆனால் செங்கல், காங்கிரீட் தூளில் இருக்கும் சிலிகா நுரையீரலில் தங்கினால் வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணம் கிடையாது. தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டினால் தூசி குறையும். அதற்குப் பொறுமை உள்ளவர் எத்தனை பேர்? தோள் தப்பியது, நெஞ்சு மாட்டிக்கொண்டது!

மேல்தளத்தில் மட்டும் நமக்குப் புத்தி இருக்கிறது. கம்பி கட்டியதும் குழாயையும் பெட்டியையும் வைத்துவிட்டுத்தான் காங்கிரீட் போடுகிறோம். சுவருக்கும் அப்படிச் செய்யத் தடை என்ன? கட்டில் எங்கே, மேசை எங்கே என்று வீட்டுக்காரர் முன்னதாகவே சொல்ல வேண்டும். கொத்தனாரும் மின்தொழிலாளியும் ஒரு நாள் சேர்ந்து நின்று பேச வேண்டும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நாம் யோசிக்கச் சோம்பிய அரைமணி நேரத்துக்கு, வேறொருவர் தம் மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.