டார்ஜிலிங் போகாத ரயிலும் மூணு அண்ணன் தம்பிகளும்

அண்ணனும் நானும் கடைசியா ஒண்ணா ரயில்ல போனது, அப்பாவோட அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனப்போதான். போய்ச் சேர்ற வரைக்கும் மொத்தமே பத்து வார்த்தை பேசியிருப்போம். "டிக்கெட் உன்கிட்டயா?" ரகம்தான் எல்லாம். அதனாலயோ என்னவோ, வெஸ் ஆண்டர்சனின் 'தி டார்ஜிலிங் லிமிடெட்' (2007) படத்தை யாராவது திட்டினா எனக்குச் சுருக்குன்னு இருக்கும்.

பார்க்காதவங்களுக்காக: அப்பா செத்ததிலிருந்து ஒரு வருஷமா பேசிக்காத மூணு அமெரிக்க சகோதரர்கள் இந்தியாவுல ரயிலேறுறாங்க. மூத்தவன் (ஓவன் வில்சன்) லேமினேட் பண்ணின அட்டவணையை வச்சுக்கிட்டு ஆன்மிகம் தேடுறான். நடுவுல ஒருத்தன் விஷப்பாம்பு வாங்கிட்டு வர்றான். அடிச்சுக்கிட்டு, கடைசியில ரயிலை விட்டே இறக்கிவிடப்படுறாங்க. அப்பாவோட இனிஷியல் போட்ட பெட்டிகள் மட்டும் கூடவே வருது.

'டூரிஸ்ட் பார்த்த இந்தியா' என்பது வழக்கமான குற்றச்சாட்டு. முழுசா மறுக்க முடியாது. பேர்தான் டார்ஜிலிங், ஓடுறது ராஜஸ்தான்ல! ஆனா இசையைக் கவனிங்க. 'சாருலதா' (1964), ஜேம்ஸ் ஐவரியின் 'ஷேக்ஸ்பியர் வாலா' (1965) படங்களுக்கு சத்யஜித் ராய் போட்ட இசை அப்படியே வருது. அந்த நூலைப் பிடிச்சுக்கிட்டே போனா 1949 கல்கத்தாவுல போய் நிக்கும்.

அப்போ ழான் ரெனுவார் 'தி ரிவர்' எடுக்க அங்கே வந்திருந்தார். விளம்பரக் கம்பெனியில வேலை பார்த்த ராய், அவருக்கு லொகேஷன் தேட உதவினார். சுப்ரதா மித்ரா படப்பிடிப்பைச் சுற்றிச் சுற்றி வந்து வேடிக்கை பார்த்தே ஒளிப்பதிவு கத்துக்கிட்டார். பன்சி சந்திரகுப்தா கலைப் பிரிவுல வேலை செய்தார். இந்த மூணு பேரும் சேர்ந்துதான் பிறகு 'பதேர் பாஞ்சாலி' (1955). (நம்ம அடையாறு ராதாவும் 'தி ரிவர்'ல நடிச்சு, ஆடியிருக்காங்க. ருக்மிணி தேவியின் அண்ணன் மகள். பிற்பாடு ராதா பர்னியர் என்ற பேரில் பிரம்மஞான சபையின் தலைவரானவங்க.)

1951இல் வெளியான அந்தப் படத்தைப் பல வருஷம் கழிச்சு மார்ட்டின் ஸ்கார்செஸி ஆண்டர்சனுக்குப் போட்டுக் காட்டினார். இந்தியாவுல படம் எடுக்கிற ஆசை அங்கேதான் பத்திக்கிச்சு.

ராயும் 'நாயக்'னு (1966) ஒரு ரயில் படம் எடுத்தார். அதுல ரயில் பெட்டி, பன்சி ஸ்டுடியோவுல போட்ட செட். ஆண்டர்சனோ நேர்மாறா, நிஜ ரயில் பெட்டிகளை வாடகைக்கு வாங்கி, உள்ளூர் ஓவியர்களை வச்சு யானை வரைஞ்சு, ஓடுற ரயில்லயே எடுத்தார்.

எனக்கு முக்கியமாப் படுறது வேற. ரெனுவார் படத்துல ஒரு பையன் நாகம் தீண்டிச் சாகிறான். ஆண்டர்சன் படத்துல பாம்பு வெறும் காமெடி. ஆனா ஒரு கிராமத்துப் பையன் ஆத்துல போயிடுறான். அதுவரை நக்கலடிச்சுட்டிருந்த படம் சட்டுனு வாயை மூடிக்குது. பையனோட அப்பாவா இர்ஃபான் கான். வசனத்தைவிட முகம்தான் பேசுது. 2020இல் அவர் போனப்போ நான் திரும்பப் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். சொந்த அப்பா சாவுக்கே சண்டை போட்டவனுங்க, யாரோ ஒரு பையனோட ஈமச்சடங்குல வெள்ளை உடுத்தி ஒண்ணா நிப்பாங்க.

கடைசியில ரயிலைப் பிடிக்க ஓடுறப்போ அப்பா பெட்டிகளை எல்லாம் வீசிடுறாங்க. எங்கப்பாவோட தோல் பை இன்னும் அண்ணன் வீட்டுப் பரண்ல இருக்கு. போன மாசம் இந்தப் படத்தை அவனுக்குக் கொடுத்தனுப்பினேன். "பாம்பு சீன் வரைக்கும் பார்த்திருக்கேன்"னு பதில் வந்திருக்கு.