நடுநிலை நாட்டின் போர்க்காலக் கணக்கு

போரை விரும்பாத நாட்டையும் போர் தேடி வருவதுண்டு. அப்படி வரும்போது, பல ஆண்டுகளில் நிதானமாகச் செய்திருக்க வேண்டிய ஏற்பாடுகளைச் சில வாரங்களில் செய்து முடிக்க வேண்டிய கட்டாயம் அந்த நாட்டுக்கு ஏற்படுகிறது. அந்த அவசரத்தின் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்பவை பொருளாதாரம் சார்ந்த கேள்விகள். இந்தியாவைப் பொருத்தவரை, இவற்றுக்கான விடையை 1962 அக்டோபரில் தொடங்கிய சீனப் போரில்தான் தேட வேண்டும்.

அந்தப் போரின் தடயங்களைக் காண இமயமலைக்குச் செல்ல வேண்டியதில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய நூம்பலுக்கு வடக்கே ஆவடி, தென்கிழக்கே பரங்கிமலை. ஒன்றில் டாங்கித் தொழிற்சாலை; மற்றொன்றில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமி. சென்னையின் மேற்குப் புறநகர் இன்றைய வடிவம் பெற்றதில் அந்தக் காலகட்டத்துக்குப் பெரும் பங்குண்டு.

1954-இல் சீனாவுடன் பஞ்சசீல உடன்பாடு, 1961-இல் பெல்கிரேடில் அணிசாரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு என்று இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை எந்த வல்லரசின் முகாமிலும் சேராமல் நடைபோட்டது. அதற்கு ஒரு பொருளாதார முகமும் இருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணி சமுதாயத்தைத் தனது இலக்காக அறிவித்தது. அணைகளும் உருக்காலைகளும் பள்ளிகளும் கட்டப் பணம் வேண்டும். ஆகவே, ராணுவச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பது அன்றைய கணக்கு. ஏழை நாடு ஒன்றுக்கு அது நியாயமான கணக்கே. ஆனால், பெரிய அண்டை நாடு ஒன்றுடன் முழு அளவிலான போர் வராது என்ற அனுமானம் அதற்குள் அடங்கியிருந்தது.

1962 அக்டோபர் 20-ஆம் தேதி சீனப் படைகள் லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒரே நேரத்தில் தாக்கியபோது அந்த அனுமானம் பொய்த்தது. அக்டோபர் 26-ஆம் தேதி அரசியலமைப்பின் 352-ஆவது பிரிவின்கீழ் முதன்முறையாக நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 7-இல் பாதுகாப்புத் துறையைக் கவனித்து வந்த வி.கே. கிருஷ்ண மேனனின் ராஜிநாமா ஏற்கப்பட்டது. நவம்பர் 19-இல் போர் விமானப் படைப்பிரிவுகளை அனுப்பக் கோரி அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் பிரதமர் நேரு கடிதம் எழுதினார். இரண்டு நாள்களில் சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. டிசம்பரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் முயற்சியில் ஆறு அணிசாரா நாடுகள் கொழும்பில் கூடின. அவை சமரசம் பேச முன்வந்தனவே தவிர, சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கவில்லை.

சண்டை நீடித்தது ஒரு மாதம். உள்நாட்டு அணிதிரட்டல் நீடித்ததோ ஆண்டுக்கணக்கில். போருக்குத் தேவையானவை மூன்று: ஆள், பணம், தளவாடம். இந்த மூன்றும் ஒரே வேகத்தில் திரள்வதில்லை என்பதே 1962 கற்றுத்தந்த முதல் பாடம்.

ஆள் சேர்ப்பது ஒப்பீட்டளவில் எளிதாக இருந்தது. அவசரகால அதிகாரிகளுக்குப் பயிற்சி அளிக்க 1963 ஜனவரியில் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய அகாதெமி. கல்லூரி மாணவர்களுக்குத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. ராணுவத்தின் பலத்தை 8.25 லட்சமாக உயர்த்தவும், பத்து மலைப் படைப்பிரிவுகளை உருவாக்கவும் திட்டமிடப்பட்டது.

பணம் திரட்டுவதில் முதலில் முந்திக்கொண்டவர்கள் மக்களே. தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தனர். ஆனால், நன்கொடையால் மட்டும் நவீன ராணுவத்தை நடத்திவிட முடியாது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 1963-64 நிதிநிலை அறிக்கையில் பாதுகாப்புக்கு ரூ.867 கோடி ஒதுக்கினார். இது முந்தைய ஆண்டின் தொடக்க மதிப்பீட்டைப்போல இரு மடங்குக்கும் அதிகம். நிறுவனங்கள் மீது மிகை லாப வரி வந்தது. நிலவரி செலுத்துவோர் உள்ளிட்ட பல தரப்பினரிடமிருந்தும் கட்டாய வைப்புத்தொகை வசூலிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததால், அடுத்து நிதியமைச்சரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி சில மாதங்களிலேயே அதன் பெரும்பகுதியைக் கைவிட்டார்.

தளவாடத்தின் கதை வேறு. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் டாங்கி தயாரிப்பதற்கு பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டது 1961-இல், அதாவது போருக்கு முந்தைய ஆண்டில். முதல் விஜயந்தா டாங்கி ஆவடியிலிருந்து வெளிவந்தது 1965-இல். 1965 பாகிஸ்தான் போரில் பெரும் பங்காற்றியவை இறக்குமதி செய்யப்பட்ட செஞ்சூரியன், ஷெர்மன் டாங்கிகளே; ஆவடியின் விஜயந்தா 1971 போரில் களம் கண்டது. வரியை ஓராண்டில் இரட்டிப்பாக்கலாம். கடைசல் இயந்திரத்தில் கைதேர்ந்த தொழிலாளியை ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது.

இது ஏழை நாடுகளுக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று. முதல் உலகப் போரில் இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாக நடுநிலை வகித்த அமெரிக்கா, 1917 ஏப்ரலில் போரில் இறங்கியது. அடுத்த மாதமே கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்தது. சுதந்திரக் கடன் பத்திரங்கள் மூலம் பணம் குவிந்தது. ஆயினும், உலகின் மிகப்பெரிய தொழில் நாடான அதன் படைகள் பீரங்கிகளுக்கும் விமானங்களுக்கும் பிரான்ஸையே பெரிதும் நம்பிப் போரிட நேர்ந்தது. கருத்து வேறுபாட்டை ஒடுக்கும் உளவுச் சட்டம் மட்டும் இரண்டே மாதங்களில் தயாராகிவிட்டது.

இங்குதான் இரண்டாவது பாடம் இருக்கிறது. அவசரத்தின் சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. தங்கக் கடத்தலையும் அந்நியச் செலாவணி இழப்பையும் தடுக்க 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய நகை செய்வது தடை செய்யப்பட்டது. நம் வீடுகளில் 14 காரட் நகையை யாரும் நகையாக மதிக்கவில்லை. தங்கத்தின் மீதான ஆசை குறையவில்லை. அது கள்ளச் சந்தைக்குச் சென்றது. பட்டறையை மட்டுமே நம்பியிருந்த பொற்கொல்லர்கள் பிழைப்பை இழந்தனர். தங்கம் பதுக்கியவர் தப்பிக்க, தங்கத்தைத் தொட்டு உழைத்தவர் தண்டிக்கப்பட்டார். 14 காரட் தடை 1966-இல் விலக்கப்பட்டது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் முற்றிலும் நீங்கியதோ 1990-இல்தான்.

உரிமைகளின் கணக்கும் அப்படித்தான். இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உள்பட சுமார் 3,000 சீன வம்சாவளியினர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். பலர் ஆண்டுக்கணக்கில் அங்கே இருந்தனர். ஒரு மாதப் போருக்காக அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10-ஆம் தேதிதான் திரும்பப் பெறப்பட்டது.

அதே வேளையில், வற்புறுத்தலைவிட மனமுவந்த ஒத்துழைப்பே நாட்டுக்கு அதிக வலிமை தந்தது என்பதையும் மறக்கலாகாது. 1962 மே மாதம் மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காக வாதாடிய அண்ணா, போர் மூண்டதும் நாட்டின் பாதுகாப்பே முதன்மையானது என்று அறிவித்தார், தி.மு.க. போர் நிதி திரட்டியது. 1963-இல் அந்தக் கட்சி பிரிவினைக் கோரிக்கையை முறைப்படி கைவிட்டது. பிரிவினைப் பிரசாரத்தைத் தடுக்க வழிவகுத்த 16-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் அதே ஆண்டில்தான் வந்தது என்றாலும், மக்களின் மனமாற்றம் சட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தது.

வல்லரசுகளின் மோதல்களில் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க இந்தியா இன்றும் முயல்கிறது. அது சரியான வழியே. ஆனால், நடுநிலை என்பது செலவில்லாத கொள்கை அன்று. அது காப்பீட்டைப் போன்றது. அமைதிக் காலத்தில் தவணை கட்டாதவர் ஆபத்துக் காலத்தில் அசலையும் இழக்க நேரிடும். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து நகரங்கள் இணைக்கப்பட்டுள்ளன. அங்கு வளரும் ஆலைகளும் அவற்றில் பயிலும் தொழிலாளர்களுமே அந்தத் தவணை.

அத்துடன் இன்னொரு முன்னேற்பாடும் தேவை. போர்க்கால அதிகாரங்கள் எப்போது முடியும், ஒரு தொழிலைத் தடை செய்தால் அதைச் செய்பவருக்கு மாற்று வருவாய் எது என்பவை சட்டத்திலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருக்க வேண்டும். எல்லையில் சண்டை நின்ற பிறகும் பொற்கொல்லரின் பட்டறை பூட்டியே கிடந்தால், அந்தப் போர் இன்னும் முடியவில்லை என்றே பொருள்.