நாளைய கவலையும் இறைப் பராமரிப்பும்: மைசூர்ப் பஞ்சமும் டோனாவூரும் தரும் சான்று

இறைப் பராமரிப்பு பற்றிய கிறிஸ்தவப் போதனையின் மையம் மத்தேயு நற்செய்தியின் 6-ஆம் அதிகாரத்தில் உள்ளது. உணவையும் உடையையும் நாளைய நாளையும் எண்ணிக் கவலைப்பட வேண்டாம். விதைக்காத பறவைக்கு இரை கிடைக்கிறது, நூற்காத பூவுக்கு அழகு கிடைக்கிறது. மனிதர் அவற்றினும் மேலானவர் என்று அப்பகுதி (6:25–34) கற்பிக்கிறது. லூக்கா இதே போதனையைத் தம் 12-ஆம் அதிகாரத்தில் தருகிறார். தனியே எடுத்துப் படித்தால் இது ஆறுதல் மொழி. நற்செய்திக் கூட்ட மேடைகளில் பெரும்பாலும் அப்படித்தான் ஒலிக்கிறது. ஆனால் அப்பகுதி ஒரு கட்டளையை நோக்கியே நகர்கிறது: முதலில் தேடவேண்டியது இறையாட்சியும் அதன் நீதியும், மற்றவை கூடவே தரப்படும். பராமரிப்பு பற்றிய வாக்கும் முதன்மை பற்றிய கட்டளையும் பிரிக்கமுடியாதவை. பின்னதை விட்டு முன்னதை மட்டும் போதிக்கும்போது வாக்கு பொய்த்துப்போகிறது. பழைய மைசூர் நாட்டின் வரலாறும் திருநெல்வேலியின் ஒரு சிற்றூரும் இதற்குப் போதிய சான்று தருகின்றன.

பறவையும் பூவும் பற்றிய உவமைகளைச் சோதிக்கக் குண்டலுபேட்டை பொருத்தமான இடம். கர்நாடகத்தின் தென்கோடியில், உதகைக்கும் வயநாட்டுக்கும் சாலைகள் பிரியும் சந்தியில் அமைந்த இவ்வூர், 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் உருவாகும்வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. வயநாட்டில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, எல்லை தாண்டி இங்கே வரும்போது மெலிந்துவிடுகிறது. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் சோளமும் அவரையும் விளைந்த இடத்தில் அண்மைக் காலமாகச் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பரவியுள்ளன. நிறப்பொருள் எடுக்கும் ஆலைகளும் கேரளத்தின் ஓணச் சந்தையும் செண்டுமல்லியை வாங்குகின்றன. பூத்த வயல்களைப் பார்க்க மலையாளக் குடும்பங்கள் கார்களில் வந்து இறங்குகின்றன. படம் எடுப்பவர் கண்ணுக்கு அது அழகு. நாற்று நட்டவருக்கோ அது களையெடுப்பு, உரக்கடன், விலை, வானம் பார்த்த காத்திருப்பு. உழைக்காமல் அழகு பெறும் பூ என்ற உவமையை அந்த வரப்பில் நின்று சொல்வது எளிதன்று.

நற்செய்தியை முதலில் கேட்டவர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். முதல் நூற்றாண்டுக் கலிலேயாவில் மழையை நம்பிய சிறு உழவரும் குத்தகைக்காரரும் நாட்கூலிகளும் வரிச்சுமைக்கும் கடனுக்கும் நடுவே வாழ்ந்தார்கள். வேலைக்கு யாரும் அழைக்காமல் மாலைவரை சந்தைவெளியில் நின்றவர்களைப் பற்றி மத்தேயு 20-இல் வரும் உவமையே இயேசு அவ்வாழ்வை நன்கு அறிந்திருந்தார் என்பதைக் காட்டும். அவர் பேச்சைப் புரிந்துகொள்ள அதன் முன்னும் பின்னும் நோக்கவேண்டும். லூக்காவில் இப்போதனைக்குச் சற்று முன்னர், விளைச்சல் மிகுந்து களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வன் அன்றிரவே இறந்துபோகும் கதை வருகிறது. மத்தேயுவில் இதற்கு முன்னே வருவது மண்ணில் செல்வம் சேர்ப்பது பற்றிய எச்சரிக்கை. அதற்கும் முன்னே, அன்றாட உணவுக்கான வேண்டுதல். அந்த வேண்டுதல் எனக்கு என்று கேட்பதில்லை, எங்களுக்கு என்று கேட்கிறது. பாலைநிலத்தில் மன்னா பொழிந்த யாத்திராகமக் கதையிலும் (16-ஆம் அதிகாரம்) அதிகம் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது. ஆக விவிலியம் பராமரிப்பைப் பேசும் இவ்விடங்களில் பங்கீட்டையும் பேசுகிறது. கவலையைக் கைவிடச் சொல்லும் அதே மூச்சில் குவித்துவைப்பதைக் கைவிடச் சொல்கிறது.

இறையியல் மரபும் பராமரிப்பை மனித முயற்சிக்கு எதிராக நிறுத்தவில்லை. கடவுள் உலகை ஆள்கையில் படைப்புகளையே காரணங்களாகக் கொண்டு ஆள்கிறார் என்பது 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸின் நிலைப்பாடு. கத்தோலிக்கத்தோடு பலவற்றில் முரண்பட்ட ஜான் கால்வினும் இதில் விலகவில்லை: நம் வாழ்நாளுக்கு எல்லை வகுத்தவரே அதைக் காக்கும் வழிவகைகளையும் நம்மிடம் ஒப்படைத்தார் என்று தம் பெருநூலின் முதற்பகுதியில் அவர் வாதிடுகிறார். மருந்து வேண்டாம், ஜெபம் போதும் என்னும் இன்றைய சில பிரசங்கங்களுக்கு இவ்விரு மரபுகளிலும் இடமில்லை.

இக்கோட்பாடு மைசூர் நாட்டில் செயலாக மாறிய முற்பட்ட தருணங்களுள் ஒன்று அம்மை குத்துதல். பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த ஆபே துபுவா 1792-இல் இந்தியா வந்தார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், சிதறிப்போன கிறிஸ்தவர்களை மீண்டும் ஒன்றுசேர்க்க ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைக்கப்பட்டார். வாழ வழியற்றிருந்தோருக்கு ஹாசன் பகுதியில் உழவுக் குடியேற்றங்களை அமைத்தார். பெரியம்மைக்கான தடுப்புமருந்து 1802-இல் பம்பாய் வந்து சேர்ந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் அதை மைசூர்ச் சீமையில் பரப்புவதில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். நோயை இறைத்தண்டனையாகவும் தெய்வத்தின் வருகையாகவும் கொள்ளும் எண்ணம் எல்லாச் சமயத்தாரிடமும் வேரூன்றியிருந்த காலம் அது. முப்பதாண்டுப் பணிக்குப்பின் 1823-இல் நாடு திரும்பிய துபுவா, இந்துக்களை மதமாற்றுவது நடவாத காரியம் என்று அதே ஆண்டில் வெளியிட்ட கடிதத் தொகுப்பில் எழுதினார். அவருடைய சமூகப் பார்வையில் ஏளனமும் பிழையும் மலிந்திருப்பதை அவர் நூல்களைப் படித்தோர் அறிவர். எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதமாற்றத்தில் பலன் இல்லை என்று கண்ட ஒருவர், மதம் பாராமல் உயிர் காத்த வேலையைப் பயனற்றதாகக் கருதவில்லை.

உண்மையான சோதனை 1876-இல் வந்தது. அவ்வாண்டில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் ஏமாற்றியது. 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் தக்காணத்தையும் சென்னை மாகாணத்தையும் சூறையாடியது. மைசூர் சமஸ்தானம் மிகக் கடுமையாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் 50,55,412-ஆக இருந்த சமஸ்தான மக்கள்தொகை 1881-இல் 41,86,188-ஆகச் சுருங்கியது. நூற்றுக்குப் பதினேழு பேர் குறைந்தனர். பிறப்புகளையும் சேர்த்து எண்ணினால் இழப்பு இன்னும் பெரிது. பெங்களூருக்கு 1864-லேயே ரயில் வந்துவிட்டது, மைசூருக்கு வரவில்லை. பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கிய பெங்களூர்–மைசூர் பாதை பஞ்சம் முடிந்தபின்னரே நிறைவுற்றது. குண்டலுபேட்டை போன்ற தெற்கு வட்டங்களுக்கு மாட்டுவண்டி கொண்டுவரும் தானியமே தானியம். மாட்டுக்குத் தீவனமும் இல்லாத காலம்.

பறவைக்கு இரை தருபவர் மனிதரைக் கைவிடார் என்பதை அப்படியே ஓர் உத்தரவாதமாகக் கொண்டால் 1877-ஆம் ஆண்டு அதைத் தகர்த்துவிடும். தகர்க்கவும் வேண்டும். பட்டினியால் இறந்தவர்களின் விசுவாசம் குறைவாக இருந்தது என்று சொல்வதைவிடக் கொடிய இறையியல் வேறு இருக்கமுடியாது. தானியம் நாட்டில் அறவே இல்லாமல் போகவில்லை. பஞ்ச ஆண்டுகளிலும் துறைமுகங்கள் வழியே ஏற்றுமதி நடந்தது. சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் அளவு குறித்தார். அது உயிர் காக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்து எழுதினார். சிக்கல் எங்கே இருந்தது என்பதை அந்தச் சண்டை காட்டுகிறது: எதை முதலில் வைப்பது, கஜானாவையா உயிரையா? நற்செய்தியின் கட்டளையும் அதே கேள்வியைத்தான் எழுப்புகிறது.

திருச்சபைகள் நடந்துகொண்ட விதம் ஒரேபோல இல்லை. மைசூர்ச் சீமையில் வெஸ்லியன் மிஷனும் கத்தோலிக்க மிஷனும் அநாதை இல்லங்களைத் திறந்தன. நெலமங்கலம் அருகே சிலுவேபுரம் போன்ற உழவுக் குடியிருப்புகளில் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நிலம் பெற்று ஊன்றினார்கள். திருநெல்வேலியில், 1877-இல் ஆயராக உயர்த்தப்பட்ட இடையன்குடி கால்டுவெல்லின் பணிக்களத்தில், பஞ்ச காலத்தில் பல ஆயிரம் பேர் சபையில் சேர்ந்தனர். அரிசிக் கிறிஸ்தவர் என்ற ஏச்சும் கூடவே எழுந்தது. அதை முற்றிலும் அநியாயம் என்று தள்ளிவிட முடியாது. உணவுக் கிடங்கின் சாவியும் ஞானஸ்நானப் பதிவேடும் ஒரே கையில் இருக்கும்போது, கொடுப்பவரின் எண்ணம் எவ்வளவு தூயதாயினும் வாங்குபவரின் விருப்பம் சுதந்திரமானதாக இராது.

இதைத் தெளிவாகக் கண்டவர் தெலுங்கு நாட்டில் ஓங்கோலைச் சேர்ந்த அமெரிக்க பாப்டிஸ்ட் ஊழியர் ஜான் கிளவ். பக்கிங்ஹாம் கால்வாயில் சில மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தை அரசிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார். பசித்து வந்தவர்களுக்கு அங்கே கூலி கிடைத்தது. பிச்சை எடுக்கும் நிலை தவிர்ந்தது. நிவாரணம் நடந்த ஓராண்டுக்கு மேலான காலத்தில் அவர் ஞானஸ்நானம் கொடுப்பதை நிறுத்திவைத்தார். பஞ்சம் தணிந்தபின்னரே மறுபடி தொடங்கினார். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர். மிஷன் வரலாறுகள் இந்த எண்ணைத்தான் பெருமையோடு திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் இறையியல் நோக்கில் எடைமிக்கது எண் பூஜ்யமாக இருந்த அந்த ஓராண்டு. சபையின் வளர்ச்சியைக்கூட இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, பசித்தவரின் உயிரையும் தன்மானத்தையும் அவர் முதலில் வைத்தார்.

அடுத்த தலைமுறையில் எதை முதலில் வைப்பது என்ற இக்கேள்வி வேறு வடிவில் திருநெல்வேலிச் சிற்றூரான டோனாவூரில் எழுந்தது. அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் முதலில் பெங்களூருக்கு வந்து, பின் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்று தமிழ் கற்றார். கிராமம் கிராமமாகச் சென்று நற்செய்தி சொல்லும் பெண்கள் குழுவை நடத்தினார். 1901-இல் கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஒரு சிறுமி அடைக்கலம் தேடி வந்தபின் அவர் பணி திசைமாறியது. சில ஆண்டுகளில் கைக்குழந்தைகளும் வரத் தொடங்கினர். குழந்தைகளுக்குப் பால் புகட்டுவதும் துணி அலசுவதும் ஊழியம் ஆகுமா என்று உடன் ஊழியர்களே ஐயப்பட்டனர். ஆயா வேலை இழிவானது என்ற சாதிப் பார்வை உள்ளூர்ச் சபையிலும் இருந்தது. சீடர்களின் கால்களை இயேசு கழுவிய நிகழ்ச்சியைக் கொண்டு அவர் இதற்கு விடை கண்டார். பிரசங்கப் பயணங்களைக் குறைத்துக்கொண்டார். கடன் வாங்குவதில்லை, பணம் கேட்டு முறையீடு விடுப்பதில்லை என்பதும் அவர் விதி. பிரிஸ்டலில் அநாதை இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லரின் முன்மாதிரி அதற்குப் பின்னால் இருந்தது.

இந்த நம்பிக்கை ஊழிய முறை பெரிதும் போற்றப்பட்டுள்ளது; அதைச் சற்றுக் கறாராகவும் பார்க்கவேண்டும். பணம் கேட்பதில்லை என்ற விதி இருந்தாலும், முப்பதுக்கு மேற்பட்ட நூல்களும் ஆதரவாளர்களுக்குச் சென்ற கடிதங்களும் டோனாவூரின் தேவையை ஆங்கிலம் படிக்கும் உலகுக்குத் தெரிவித்துக்கொண்டேயிருந்தன. ஜெபித்த தொகை சரியாக வந்து சேர்ந்த கதைகள் எழுதப்படுகின்றன. வராத நாள்கள் அவ்வளவாக எழுதப்படுவதில்லை. அவர் பொறுப்பில் நெய்யூரில் வைத்து வளர்க்கப்பட்ட கைக்குழந்தைகள் தொற்றுநோயில் இறந்ததும் அதே வரலாற்றின் பகுதி. ஆகவே டோனாவூரை, விசுவாசித்தால் காசு வரும் என்பதற்கு நிரூபணமாகக் காட்டுவது தவறு. அதன் சிறப்பு அங்கே எது முதலிடம் பெற்றது என்பதில் இருக்கிறது. கணக்குக் காட்டத்தக்க மதமாற்றங்களை விடவும், மிஷன் வட்டாரத்தில் கிடைக்கக்கூடிய நற்பெயரை விடவும், யாரும் வேண்டாத பெண்குழந்தை அங்கே மேலானதாக எண்ணப்பட்டது. அத்தகைய பெண்குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி முறையைச் சென்னை மாகாணம் சட்டத்தால் ஒழித்தது 1947-இல்தான்.

கிறிஸ்தவர் எதை மேலாக மதிக்கவேண்டும் என்பதற்குப் புதிய ஏற்பாடு தரும் விடையில் மயக்கமில்லை. இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கும் மத்தேயு 25-இல் பசித்தவருக்கு உணவளித்தது, நோயுற்றவரையும் சிறையிலிருந்தவரையும் பார்த்தது ஆகியவையே கேட்கப்படுகின்றன. உணவும் உடையும் இல்லாத சகோதரனிடம் சமாதானமாய்ப் போ என்று வாய்வார்த்தை சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். பராமரிப்பு பற்றிய வாக்கை இவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதே அது முழுமை பெறுகிறது: இறையாட்சியை முதலில் தேடுவோர் இருக்கும் இடத்தில் மற்றவை பசித்தவருக்கும் போய்ச் சேருகின்றன. காணிக்கை கொடுத்தால் கார் கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று தமிழ்த் தொலைக்காட்சிகளில் நடக்கும் செழிப்பு உபதேசம் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. கூடவே தரப்படும் என்று சொல்லப்பட்டவற்றை அது முதலிடத்தில் வைத்துவிடுகிறது. சபைச் சொத்துக்களுக்காக நீதிமன்றப் படியேறும் ஆயர்மன்றங்களும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

பஞ்சத்தை எதிர்கொள்ளும் பொறுப்பு, 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் குழுவின் அறிக்கைக்குப்பின் படிப்படியாக அரசின் கடமையாயிற்று. இன்று குண்டலுபேட்டையின் ஏழை வீட்டுக்கு அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து வருகிறது. கர்நாடகத்தில் 2013 முதல் அன்னபாக்கியத் திட்டம் நடைமுறையில் உள்ளது. இதை இறைப் பராமரிப்புக்குப் போட்டியாகக் கருதவேண்டியதில்லை. நல்லவர்மேலும் தீயவர்மேலும் ஒன்றுபோல் மழை பெய்கிறது என்ற மத்தேயு 5:45-இன் பார்வையில், பராமரிப்புக்குக் கருவியாவோர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. மைசூரில் 1906-இல் திறக்கப்பட்ட ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையை ஊரார் மிஷன் ஆஸ்பத்திரி என்றே அழைக்கிறார்கள். அது கிறிஸ்தவ நிறுவனம். சாமராஜநகர் மாவட்டத்தின் பிளிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினருக்கென்று 1981-இல் டாக்டர் எச். சுதர்சன் தொடங்கிய விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரம் கிறிஸ்தவ நிறுவனம் அன்று. மத்தேயு 25 வைக்கும் அளவுகோலில் இவ்விரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.