அபூராஃபிஉ (ரலி) விற்ற இரண்டு இல்லங்கள்



வீட்டை விற்க நாடுகின்ற ஒருவர் முதலில் யாருடைய வாசலுக்குச் செல்கிறார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தரகரிடம்தான். பக்கத்து வீட்டாருக்குச் செய்தி எட்டுவதோ, முன்பின் அறியாத ஒருவர் வந்து மனையை அளக்கின்ற நாளில். ஆனால், மதீனாவில் நபித்தோழர் ஒருவர் தம் வீட்டைத் தாமே நின்று விற்ற வரலாறு ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றிருக்கிறது. நாம் நிதானமாக வாசிக்க வேண்டிய வரலாறு அது.

அதனை நேரில் கண்டு அறிவிப்பவர் அம்ர் இப்னு ஷரீத் (ரஹ்) அவர்கள். ஒருநாள் ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுடன் அவர் நின்றுகொண்டிருந்தபோது, மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) அவர்கள் வந்து அவருடைய தோளில் கை வைத்தார்கள். அவ்வேளையில் அபூராஃபிஉ (ரலி) அவர்களும் அங்கு வந்து, ஸஅத் (ரலி) அவர்களின் வளவுக்குள் தமக்குச் சொந்தமாக இருந்த இரண்டு இல்லங்களை வாங்கிக்கொள்ளுமாறு அவர்களிடமே கேட்டார்கள். ஸஅத் (ரலி) அவர்களோ, அல்லாஹ்வின் மீது ஆணையாகத் தாம் வாங்கப் போவதில்லை என்றார்கள். மிஸ்வர் (ரலி) அவர்கள் விடவில்லை. நீங்கள்தாம் வாங்கியாக வேண்டும் என்று அவர்களும் ஆணையிட்டார்கள். இறுதியில் ஸஅத் (ரலி) அவர்கள், நாலாயிரத்திற்கு மேல் தர இயலாது, அதுவும் தவணையில்தான் என்று முடித்துவிட்டார்கள்.

அபூராஃபிஉ (ரலி) அவர்களுக்கோ அவ்வீட்டிற்கு ஏற்கனவே 500 தீனார் விலை பேசப்பட்டிருந்தது. அண்டை வீட்டார் தமது அண்மையின் காரணத்தால் அதிக உரிமை பெற்றவர் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் கூறத் தாம் கேட்டிராவிட்டால், இந்த விலைக்குத் தந்திருக்கவே மாட்டேன் என்று சொல்லி, ஸஅத் (ரலி) அவர்களுக்கே கொடுத்துவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். அக்காலத்தில் ஒரு தீனார் என்பது பத்து அல்லது பன்னிரண்டு திர்ஹம் மதிப்புடையது. 500 தீனார் என்றால் ஐயாயிரத்திற்குக் குறையாது. ஆக, ஆயிரம் திர்ஹமுக்குக் குறையாத இழப்பு. மொத்தப் பணமும் ஒரே தடவையில் கைக்கு வரப்போவதுமில்லை. இவ்வளவையும் விட்டுக்கொடுத்தவர் பெருஞ்செல்வர் அல்லர். ஒரு காலத்தில் அடிமையாக இருந்து நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்டவர். வாங்கியவரோ காதிஸிய்யாப் போரின் தளபதி. எளியவர் விட்டுக்கொடுத்தார், தளபதி விலையைக் குறைத்தார் என்பது நமக்குச் சற்று நெருடலாகவும் இருக்கலாம். ஆனால் ஸஅத் (ரலி) அவர்கள் அவ்வீட்டைத் தேடிச் செல்லவில்லை. வேண்டாம் என்றே மறுத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் மிஸ்வர் (ரலி) அவர்கள். அபூராஃபிஉ (ரலி) அவர்களே அவரிடம், ஸஅதை வாங்கச் சொல்லக் கூடாதா என்று கேட்டதாக புகாரீயின் மற்றோர் அறிவிப்பில் வருகிறது. இருவருக்கும் இடையில் நின்று பேசி முடித்தார். தரகுப்பணம் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை.

இதனால் தரகுத்தொழில் கூடாது என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தரகர் கூலி பெறுவதில் குற்றமில்லை என்று இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம் நகஈ, ஹஸன் பஸரீ (ரஹ்) ஆகியோர் கருதியதை இமாம் புகாரீ (ரஹ்) அவர்களே பதிவு செய்துள்ளார்கள். ஆனால், யாருக்கு முதலில் சொல்ல வேண்டும் என்ற கடமை தரகருடையது அன்று, வீட்டுக்காரருடையது.

அண்டை வீட்டாருக்குரிய இம்முன்னுரிமையை ஷுஃப்ஆ என்பர். ஹனஃபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும் அது உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பாகம் பிரியாத பங்காளிக்கு மட்டுமே; எல்லை வகுக்கப்பட்டு வழிகள் பிரிந்த பின்னர் ஷுஃப்ஆ இல்லை என்ற ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு அதற்குச் சான்று. பங்காளிக்கு அறிவிக்காமல் விற்கலாகாது என்பதும் அன்னாரது அறிவிப்பாக முஸ்லிமில் உள்ளது. நம் ஊர்களில் அந்தப் பங்காளி யார்? பெரும்பாலும் மணமுடித்து வேறூர் சென்றுவிட்ட சகோதரி! தந்தையின் வீட்டிற்கு அண்ணன்மார் விலை பேசி, முன்பணமும் வாங்கிய பின்னர், கையெழுத்துக்காக மட்டும் அவரை அழைக்கின்ற கொடுமையை என்னவென்பது? அவர் அந்த வீட்டின் உரிமையாளர்களில் ஒருவர் அல்லவா? வாங்கும் வசதி அவருக்கு இருக்கலாம்; வாங்கும் ஆசையும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

நாட்டுச் சட்டம் இதில் கைகொடுக்காது. ஷுஃப்ஆ, சொத்தை விற்கும் சுதந்திரத்திற்குத் தடை என்று கருதி, மதராஸ் மாகாணத்தில் அது செல்லாதென 1870 இலேயே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அண்டை வீட்டார் என்பதற்காக மட்டும் கோரப்படும் முன்னுரிமையை 1962 இல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. எனவே அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லாதவரை எந்த நீதிமன்றமும் கேட்கப்போவதில்லை.

குறையைச் சொல்லும் விஷயம் அப்படியன்று. குறையை விளக்காமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்ற கருத்தில் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி இப்னுமாஜாவில் உள்ளது. வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க இயலாத குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் கூறுகிறது. மழைக்கு ஒழுகும் தளமும், கோடையில் வற்றும் கிணறும் அங்கே குடியிருந்தவருக்கே நன்கு தெரியும்.

அண்டை வீட்டாரின் மதிப்பு அறிந்த ஒரு விற்பனையும் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் மர்வ் நகரில் வாழ்ந்த ஹதீஸ் அறிஞர் அபூஹம்ஸா அஸ்ஸுக்கரீ (ரஹ்) அவர்களின் அண்டை வீட்டார் தம் வீட்டை விற்க முனைந்தார். விலை கேட்டபோது, வீட்டிற்கு இரண்டாயிரம், அபூஹம்ஸாவின் அண்டையில் வாழ்வதற்கு இரண்டாயிரம் என்றார். செய்தி அபூஹம்ஸா (ரஹ்) அவர்களுக்கு எட்டியது. நாலாயிரத்தை அவருக்கு அனுப்பி, இதை வைத்துக்கொள்ளுங்கள், வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள் என்று சொல்லியனுப்பினார்கள்.