பசுமை அலுவலகங்களும் வாடகைதாரர்களும் (ஆஸ்திரேலியா)

மின்சாரத்தையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி கட்டிய, அல்லது பின்னர் திருத்தியமைத்த அலுவலகங்களைப் பசுமைக் கட்டடங்கள் என்கிறோம். அவற்றில் இடம் எடுக்கும் நிறுவனங்கள் அவற்றை எப்படி மதிக்கின்றன என்று அறிய ஆஸ்திரேலியா நல்ல களம். அங்கே ஒரு கட்டடம் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்பது வெளிப்படையாகத் தெரியும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1990-களின் இறுதியில் பிறந்து நாடெங்கும் பரவிய 'நேபர்ஸ்' மதிப்பீடு வரைபடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை. 12 மாதம் உண்மையில் செலவான ஆற்றலைக் கணக்கிட்டு நட்சத்திரம் தருகிறது, உச்சம் 6. 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலக இடத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்தால் நட்சத்திரத்தையும் சேர்த்துப் போட வேண்டும் என்றது. 2017-ல் அந்த வரம்பு 1,000 சதுர மீட்டராகக் குறைந்தது.

உரிமையாளர்களை முதலில் அசைத்த வாடகைதாரர் அரசுதான். 2006-ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, கூட்டரசுத் துறைகள் பெரிய இடங்களுக்கு 4.5 நட்சத்திரம் கேட்டன. அரசு போன்ற நிலையான வாடகைதாரரை இழக்க எந்த உரிமையாளருக்கும் மனம் வராது.

தனியார் நிறுவனங்களின் கணக்கு வேறு. சதுர அடிக்கு மின்சாரம், நீர் போன்றவற்றுக்கு 3 டாலர், வாடகை 30, சம்பளம் 300 என்று சொத்துத் துறையினர் ஒரு தோராய விகிதம் சொல்வதுண்டு. அதன்படி பார்த்தால் மின்கட்டணத்தில் மிச்சமாவது சிறு தொகை. நல்ல வெளிச்சமும் காற்றோட்டமும் ஊழியர்களுக்குத் தரும் நலமே பெரிது.

யார் செலவழிப்பது, யார் பலன் பெறுவது என்பதில்தான் சிக்கல். உரிமையாளர் புதிய குளிரூட்டும் இயந்திரம் வாங்கினால், பல குத்தகைகளில் வாடகைதாரரின் பராமரிப்புக் கட்டணம்தான் குறைகிறது. மின்செலவு வாடகைக்குள்ளேயே அடங்கிவிட்டால், விளக்கை அணைக்க வாடகைதாரருக்கு அக்கறை இருப்பதில்லை. தனி மீட்டர், தகவல் பகிர்வு, செலவுப் பங்கீடு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதும் 'பசுமைக் குத்தகை' இந்த முடிச்சை அவிழ்க்க வந்தது.

நேபர்ஸில் உரிமையாளர் பகுதிக்கு ஒரு மதிப்பீடும் வாடகைதாரர் பகுதிக்கு ஒரு மதிப்பீடும் உண்டு. மின்தூக்கி, மையக் குளிரூட்டல், பொது இட விளக்குகள் உரிமையாளர் கணக்கு. தளத்துக்குள் எரியும் விளக்குகளும் கணினிகளும் வாடகைதாரர் கணக்கு. 2010-ஆம் ஆண்டுச் சட்டமோ வாடகைதாரர் பகுதிக்கான நட்சத்திரத்தை அவரவர் விருப்பத்துக்கே விட்டது. அந்தச் சட்டத்தின் பெரிய குறை இதுவே.