மண்வெட்டியும் மானமும்

களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்குப் பரணி பாடினர் புலவர். பாடட்டும், தவறில்லை! ஆனால் அந்தப் படை நடக்கக் காடு வெட்டிப் பாதை சமைத்தவன் யார்? ஆற்றைக் கடக்கப் பாலமிட்டவன் யார்? அவனைப் பாட ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. மண்ணைத் தொட்டுப் பிழைப்பவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கி வைத்த நாடல்லவா இது!

அந்த மண் தொட்ட கைகளுக்கென்றே ஒரு படை எழுந்தது. ஐதர் அலி ஆர்க்காட்டுச் சீமைக்குள் புகுந்த 1780-ஆம் ஆண்டில், செப்டம்பர் 30-ஆம் நாள், கும்பெனியார் 'மதராஸ் பயனியர்' என்ற பெயரில் இரண்டு அணிகளைத் திரட்டினர். மண்வெட்டியும் கடப்பாரையும் கோடரியுமே அவர்களின் படைக்கலம். 1799-இல் சீரங்கப்பட்டணம், 1803-இல் அசாயே, 1840-இல் சீனம், 1868-இல் அபிசீனியா என்று அவர்கள் போகாத போர்முனை குறைவு. இன்று உதகைக்கு உல்லாசமாக ஏறிச் செல்வோர், குன்னூர் மலைச்சாலையை 1830-களின் தொடக்கத்தில் முதலில் வெட்டியவர்கள் இந்தப் பயனியர்களே என்பதை நினைப்பதுண்டா? 1831-இல் அப்படை 'மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' ஆயிற்று. பிறகு பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரை அதன் தாயகமாயிற்று.

1809-இல் உருப்பெற்ற பெங்களூர்த் தண்டு, பட்டாளத்தால் பிறந்த ஊர். சிப்பாயின் பின்னே சமையற்காரர் வந்தனர், தச்சர் வந்தனர், தானிய வணிகர் வந்தனர். மைசூர்ச் சீமையின் நடுவே தமிழ் பேசும் தெருக்கள் எழுந்தன. கட்டட ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1868-இல் அட்டாரா கச்சேரியைக் கட்டி முடித்தார். 1873-இல் பள்ளியொன்று தொடங்கினார். எனக்கென்னவோ, கச்சேரியின் சிவப்புச் சுவரைவிட அந்தப் பள்ளியே பெரிதாகத் தோன்றுகிறது.

படையில் சேர்ந்தவர் எவர்? ஆதிதிராவிடர் பெருந்தொகையினர், கிறித்தவரும் பிறரும் உடன் இருந்தனர். ஊருக்குள் கிணற்றை நெருங்க விடாதவன் கையில், அரசின் வெடிமருந்து ஒப்படைக்கப்பட்டது!

இந்த நிலையில்தான் வந்தது 'போர்ச்சாதி' என்னும் புரட்டு. மனு ஒருவர் போதாதென்று வெள்ளைக்கார மனு ஒருவரும் வாய்த்தார். அவர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவர்; அதன்பின் இந்தியப் படை முழுவதற்கும் தலைவர். நீண்ட அமைதியில் தென்னாட்டான் வீரம் மங்கிவிட்டது, வடபுலத்துச் சீக்கியரும் கூர்க்கரும் பட்டாணியருமே போருக்கு ஏற்றவர் என்றார். தென்னாட்டுக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. சாப்பர் படைமீது மட்டும் கை வைக்கவில்லை. எப்படி வைப்பர்? பாலம் சரியாகக் கட்டப்பட்டதா என்பதே கேள்வி. கட்டியவன் சாதியைச் சொல்லிப் பாலத்தைத் தாங்க வைக்க முடியுமோ!

1912-இல் இப்படையில் பணியாற்றிய மக்ளின்டாக் என்ற அதிகாரி, வெடிமருந்து அடைத்த குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி, முட்கம்பி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்கும் முறையை வகுத்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்று உலகப் படைகள் அதனை ஏற்றன. 1944-இல் நார்மண்டிக் கடற்கரையிலும் அது வெடித்தது. கருவியில் ஊரின் பெயர் நிற்கிறது. நூல்களில் அதிகாரியின் பெயர் நிற்கிறது. குழாயைத் தூக்கித் தவழ்ந்தவர்களின் பெயர்?

ஒரு பெயர் தப்பிற்று. 1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணி. காலடியில் ஒரு வெடி உயிர்பெற்ற நொடியில், உடனிருந்தோரைக் காக்கத் தன் உடலையே அதன்மேல் எறிந்தார் சுபேதார் சுப்பிரமணியன். மறைந்த பின்னர் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது. ராபர்ட்சின் பட்டியலில் இடம்பெறாத மண்ணில் பிறந்தவர் அவர்!

1969-இல் மாநிலம் தமிழ்நாடாயிற்று, 1996-இல் தலைநகர் சென்னையாயிற்று. பெங்களூர்ப் படையின் பெயரில் மட்டும் 'மதராஸ்' மாறாமல் இருக்கிறது. தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் அதில் சேர்கின்றனர். எந்த மொழிக்காரராயினும், அங்குள்ள வீரரை அழைக்கும் சொல் ஒன்றே: 'தம்பி'.